நார்த் பெரிக்கில் இரண்டு நாள்: கடற்காற்றில் கோல்ஃப் ஆடக் கற்றுக்கொண்டது

பதினோரு ஆண்டுகளாக உள்நாட்டு மைதானங்களில், இருபுறமும் மரங்கள் அரண் போல் நிற்கும் ஃபேர்வே என்னும் வெட்டிய புல்வழிகளில் ஆடிப் பழகியவன் நான். செப்டம்பர் மாதக் கடைசியில் ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள நார்த் பெரிக் ஊருக்குச் சென்று, அங்குள்ள மேற்கு லிங்க்ஸ் மைதானத்தில் அடுத்தடுத்து இரண்டு நாள் ஆடினேன். அந்த மைதானத்தின் பார், அதாவது தேர்ந்த ஆட்டக்காரருக்கு வேண்டிய அடிகளின் எண்ணிக்கை, 71. என் ஹேண்டிகேப், அதாவது திறனுக்கேற்பக் கழித்துத் தரும் சலுகை அடிகள், 16. முதல் நாள் 107 அடிகளில் முடித்தேன், மறுநாள் 93 அடிகளில் முடித்தேன். இரண்டு நாளும் அதே மேற்குக் காற்று, அதே மட்டைகள், அதே உடம்பு. ஒரே இரவில் யாருடைய ஸ்விங்கும் திருந்திவிடாது. அப்படியிருக்க அந்தப் பதினான்கு அடிகள் எங்கே குறைந்தன என்பதை, முதன்முறையாக ஒரு கடற்கரை மைதானத்துக்குப் போகவிருப்பவர்களுக்குப் பயன்படும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

எல்லாக் கோல்ஃப் மைதானங்களையும் லிங்க்ஸ் என்று அழைப்பவர்கள் உண்டு; அது சரியல்ல. மேடு, சரிவு என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த இந்தப் பெயர், கடலுக்கும் உழுநிலத்துக்கும் இடையே கிடக்கும் மணற்பாங்கான நிலத்தை மட்டுமே குறிக்கும். உப்புக்காற்றும் மணலும் சேர்ந்த அந்த மண்ணில் பயிர் விளையாது என்பதால், ஆடுகளும் முயல்களும் மேய்வதற்கு அதை விட்டுவிட்டார்கள். விட்டுவைத்த அந்த நிலத்தில்தான் இந்த ஆட்டம் வளர்ந்தது. 1457-ஆம் ஆண்டிலேயே, வில்வித்தைப் பயிற்சியைக் கெடுக்கிறது என்று சொல்லி ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் கோல்ஃபைத் தடை செய்திருக்கிறது என்றால், அது அதற்குள் எவ்வளவு பரவியிருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். நார்த் பெரிக்கில் 1832-இலேயே கிளப் அமைந்துவிட்டது. வரலாறு ஒருபுறம் இருக்க, ஆடுபவர் மனத்தில் இருத்த வேண்டியது மண்ணின் குணத்தைத்தான். மழை நீர் மணலில் நிற்காமல் இறங்கிவிடும்; தரை எப்போதும் இறுகியே இருக்கும்; ஃபெஸ்க்யூ என்னும் மெல்லிய புல் அதன்மேல் குட்டையாகப் படர்ந்திருக்கும். உள்நாட்டில் விழுந்த இடத்திலேயே நின்றுவிடும் பந்து, இங்கே விழுந்த பிறகுதான் பயணத்தைத் தொடங்குகிறது. இதை நான் புத்தகத்தில் படித்துத்தான் போனேன். ஆனாலும் கால்களும் கைகளும் அதை நம்ப ஒரு நாள் முழுவதும் தேவைப்பட்டது.

முதல் நாள் காலை முதல் குழியின் டீயில், அதாவது முதல் அடியை அடிக்கும் இடத்தில், நின்றபோது, வலப்பக்கம் கடல், இடப்பக்கம் வரிசையாகக் கல் வீடுகள், பின்னால் ஊர். கடலுக்குள் பாஸ் ராக் என்னும் பெரும் பாறை வெண்மையாக நின்றது. அந்த வெண்மையில் பெரும்பகுதி அங்கே கூடுகட்டும் கானட் பறவைகளுடையது. மைதானம் ஊரிலிருந்து மேற்கு நோக்கிக் கடலோரமாகப் போய், பிறகு கிழக்கு நோக்கி ஊருக்கே திரும்புகிறது. பழைய லிங்க்ஸ் மைதானங்கள் பலவற்றின் அமைப்பு இதுதான். மேற்கிலிருந்து காற்று வீசும் நாளில், போகும்போது ஏறக்குறைய எல்லாக் குழிகளிலும் எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று. உள்நாட்டு மைதானத்தில் குழிக்குக் குழி திசை மாறுவதால் காற்றின் நன்மை தீமை அவ்வப்போது சமன்பட்டுவிடும். இங்கே இரண்டு மணி நேரம் ஒரே காற்று முகத்தில் அறைந்துகொண்டே இருக்கும். அது உடம்பைவிட மனத்தைத்தான் அதிகம் களைப்படையச் செய்கிறது.

இரண்டாவது குழிக்குக் கடல் என்றே பெயர். கடற்கரை வலப்புறத்தில் ஃபேர்வேயை ஒட்டியே வருகிறது. நான் அதிக தூரம் அடிக்க உதவும் ட்ரைவர் மட்டையை எடுத்து, எதிர்க்காற்றை வெல்ல வேண்டும் என்ற எண்ணத்தில் என் முழுப் பலத்தையும் சேர்த்து அடித்தேன். பந்து நன்றாகவே பட்டது. முதல் நூறு யார்டு தாழ்வாகச் சென்ற பந்து, பிறகு யாரோ கயிறு கட்டி மேலே இழுத்ததுபோல் எழுந்து, உச்சியில் ஒரு கணம் அசையாமல் நின்று, வலப்பக்கம் சாய்ந்து மணலில் விழுந்தது. என் பையைச் சுமந்து வழிகாட்டிய, எழுபதை நெருங்கிய கேடி அதைப் பார்த்துவிட்டு அமைதியாகச் சொன்னார்: “பலமாக அடித்தீர்கள். அதனால்தான் போகவில்லை.” அப்போது அது எனக்கு விளங்கவில்லை. அன்று மாலை விடுதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கியது.

பந்தின்மேல் காற்று செலுத்தும் தடை, பந்துக்கும் காற்றுக்கும் இடையிலான சார்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடுகிறது. நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் புறப்படும் பந்து, நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் எதிர்க்காற்றில் நுழையும்போது, காற்றைப் பொறுத்தவரை அது 70 மீட்டர் வேகப் பந்து. தடை ஏறக்குறைய 36 விழுக்காடு கூடிவிடுகிறது. அதே காற்று பின்னாலிருந்து வந்தால் சார்பு வேகம் 50 மீட்டர். தடை ஏறக்குறைய 31 விழுக்காடு மட்டுமே குறைகிறது. இத்துடன், பின்சுழற்சியால் பந்துக்குக் கிடைக்கும் தூக்குவிசையும் இதே வேகத்தோடு சேர்ந்து எதிர்க்காற்றில் பெருகுகிறது, பின்காற்றில் சுருங்குகிறது. பலமாக அடித்தால் பெரும்பாலும் பின்சுழற்சி கூடும். சுழற்சி கூடினால் எதிர்க்காற்று பந்தை மேலே தூக்கி நிறுத்திவிடும். பக்கச்சுழற்சிக்கும் இதே கதைதான்: உள்நாட்டில் பத்து யார்டு வளையும் என் பந்து, இங்கே முப்பது யார்டு வளைந்தது. ஆக, நான் காற்றோடு சண்டையிடக் கூட்டிய ஒவ்வொரு பலமும் காற்றின் பக்கமே போய்ச் சேர்ந்தது.

எதிர்க்காற்று பறித்துக்கொள்வதில் ஏறக்குறையப் பாதியைத்தான் பின்காற்று திருப்பித் தரும் என்று அனுபவசாலிகள் கணக்கு வைத்திருக்கிறார்கள். மணிக்கு ஒரு மைல் எதிர்க்காற்றுக்கு தூரத்தில் ஒரு விழுக்காட்டைக் கூட்டிக்கொள்ள வேண்டும், பின்காற்றுக்கு அரை விழுக்காட்டைக் கழிக்க வேண்டும் என்பது அவர்கள் வாய்பாடு. இருபது மைல் எதிர்க்காற்றில் 150 யார்டு என்பது 180 யார்டு. பின்காற்றில் அது 135. அடிக்கு அடி இது துல்லியமாக வராது. ஆனால் கையில் ஒரு வாய்பாடு இருப்பவரின் மட்டைத் தேர்வில் நடுக்கம் இருக்காது. முதல் நாள் என்னிடம் இருந்தது நடுக்கம் மட்டுமே.

மூன்றாவது குழியில் ஃபேர்வேக்குக் குறுக்கே ஒரு பழைய கல்சுவர் ஓடுகிறது. மைதானத்தைவிட மூத்த அந்தச் சுவரை யாரும் இடிக்கவில்லை. ஆட்டம்தான் அதற்கு வழிவிட்டு நடக்கிறது. என் பந்து அதன் அடியில் போய் ஒட்டிக்கொண்டது. பக்கவாட்டில் ஒரு சிறு அடியில் வெளியே எடுத்திருந்தால் ஓர் அடியோடு போயிருக்கும். மேலே தூக்கிவிடலாம் என்று நம்பி மூன்று அடிகளை இழந்தேன். அங்கே தொடங்கிய சரிவை அன்று முழுவதும் நிறுத்த முடியவில்லை. ஒன்பது குழிகள் முடிந்தபோது 58.

திரும்பும் வழியில் பின்காற்று. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்று நாம் சொல்வதுண்டு. நானும் அந்த அவசரத்தில்தான் இருந்தேன். போகும்போது இழந்ததையெல்லாம் வரும்போது மீட்டுவிடலாம் என்று குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்னும் வழவழப்பான புல்தரையின் நடுவைக் குறிவைத்துப் பந்தை உயரமாக அனுப்பிக்கொண்டிருந்தேன். ஒவ்வொன்றும் கிரீனில் விழுந்து, துள்ளி, ஓடி, பின்பக்கச் சரிவில் இறங்கி நீண்ட புல்லில் மறைந்தது. பின்காற்றில் பந்து தூரம் போவதைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். தூக்குவிசை குறைந்த பந்து தட்டையாக இறங்குவதாலும் தரை இறுகியிருப்பதாலும் அது நிற்கவே மாட்டேன் என்கிறதே, அதைப் பற்றி என்னிடம் யாரும் சொல்லவில்லை. என்னைப் பொறுத்தவரை எதிர்க்காற்றைவிடப் பின்காற்றுதான் கடினமான பாடம். 49 அடிகளில் அந்தப் பாதியை முடித்தேன்.

அன்று மாலை, வெளிச்சம் மங்கும்வரை பதினெட்டாவது கிரீனுக்கு அருகே உள்ள நடைபாதையில் நின்று, ஊர்க்காரர்கள் ஆடி முடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பயிற்சி மைதானத்தில் இருநூறு பந்துகளை அடித்திருந்தாலும் கிடைத்திருக்காத பாடம் அந்த முக்கால் மணி நேரத்தில் கிடைத்தது. நரைத்த கூந்தலைக் கம்பளித் தொப்பிக்குள் சொருகியிருந்த ஒரு பெண்மணி, கிரீனுக்கு நாற்பது யார்டு முன்னால் நின்றார். நானாக இருந்தால் பந்தை உயரத் தூக்கும் சாண்ட் வெட்ஜ் மட்டையை எடுத்திருப்பேன். அவர் எட்டாம் அயர்ன் என்னும் இரும்பு மட்டையை எடுத்து, அதன் பிடியில் கைகளை இரண்டு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்து, பந்தை வலது காலின் பெருவிரலுக்கு நேராக வைத்துக்கொண்டார். மணிக்கட்டு மடங்கவே இல்லை. தோள்கள் மட்டும் ஊஞ்சல் போல் சிறிதாக ஆடின. பந்து முழங்கால் உயரத்துக்கு எழுந்து, ஆறேழு யார்டு தள்ளித் தரையைத் தொட்டு, அங்கிருந்து பள்ளத்தில் இறங்கி, மேட்டில் ஏறி, வேகம் தணிந்து கொடிக்குப் பக்கத்தில் போய் நின்றது. அவ்வளவு காற்றிலும் அந்தப் பந்துக்குக் காற்று இருப்பதே தெரியவில்லை. அவருக்குப் பின்னால் வந்த நால்வரில் மூவரும் ஏறக்குறைய அதையேதான் செய்தார்கள். ஒருவர் முப்பது யார்டிலிருந்து, கிரீனில் பந்தை உருட்டப் பயன்படும் புட்டரையே பயன்படுத்தினார்.

பந்தை எங்கே நிறுத்துவது என்று அவர்கள் யோசிக்கவில்லை, எங்கே இறக்குவது என்று யோசித்தார்கள். இறங்கிய பிறகு அதைக் கொண்டுசெல்லும் வேலையை நிலத்திடம் விட்டுவிட்டார்கள். மறுநாள் நான் இரண்டு முடிவுகளோடு போனேன். எதிர்க்காற்றில் எந்த அடியிலும் முக்கால் பங்குக்கு மேல் பலம் போடுவதில்லை. ஐம்பது யார்டுக்குள் முன்வழி திறந்திருந்தால் வெட்ஜைப் பையிலிருந்து எடுப்பதில்லை.

மூன்றாவதாக ஒரு சிறு பழக்கமும் சேர்ந்துகொண்டது. காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்த மொழி நம்முடையது: வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல், கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கோடை. ஸ்காட்லாந்தின் குளிர்ந்த மேல்காற்றைக் கோடை என்று எழுதுவதில் மனம் சற்றுத் தயங்கியது உண்மைதான். ஆனாலும் ஒவ்வொரு டீயிலும் மட்டையைத் தொடுவதற்கு முன்னால் கொடியைப் பார்த்து, புல்லைக் கிள்ளித் தூவி, கடலில் அலையின் நுரை எந்தப் பக்கம் சிதறுகிறது என்று கவனித்து, ஸ்கோர் கார்டின் ஓரத்தில் அந்தப் பெயரின் முதலெழுத்தைக் குறித்தேன். மணல்மேடுகளின் மறைவில் இருக்கும் டீயில் காற்றே இல்லாததுபோல் தோன்றும். அதே நேரத்தில் தலைக்கு முப்பது அடி உயரத்தில் அது முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். தரையை நெருங்க நெருங்கக் காற்றின் வேகம் குறையும் என்பதால்தான் தாழ்வான அடிக்கு அவ்வளவு மதிப்பு. தூவிய புல் பொய் சொல்லலாம். தொலைவில் உள்ள கொடி அவ்வளவாகப் பொய் சொல்வதில்லை.

தாழ்வான அடியை நான் மேற்கொண்ட முறையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வழக்கமாக ஏழாம் அயர்ன் எடுக்கும் தூரத்துக்கு, எண் குறைந்ததால் தாழ்வாகவும் நீளமாகவும் அடிக்கும் ஐந்தாம் அயர்ன் எடுத்தேன். காற்று மிகுந்த இடத்தில் நான்காம் அயர்ன். கைகளைப் பிடியில் ஓர் அங்குலம் கீழே இறக்கினேன். பந்தை நடுவிலிருந்து ஒரு பந்தகலம் பின்னால் வைத்தேன். அதற்கும் மேல் பின்னால் வைத்தால் மட்டை செங்குத்தாக இறங்கி, நாம் தவிர்க்க நினைத்த சுழற்சியையே கூட்டிவிடும். பின்வீச்சில் கைகள் தோளுக்கு மேல் போகவில்லை. அடித்த பிறகு கைகள் மார்பு உயரத்திலேயே நின்றன. பாதங்களை வழக்கத்தைவிட அகலமாக ஊன்றினேன், ஏனென்றால் காற்று பந்தை மட்டுமல்ல, ஆடுபவரையும் தள்ளுகிறது. ட்ரைவருக்காகப் பந்தை மிகவும் தாழ்வாக டீ என்னும் சிறு முளையில் வைப்பதும் தவறு என்று கேடி எச்சரித்தார். தாழ்ந்த பந்தைக் கண்டதும் கை அதை வெட்டப் பார்க்கும். வெட்டுப்பட்ட பந்து எழும்பத்தான் செய்யும். உயரத்தைக் கொஞ்சம் மட்டும் குறைத்து, வேகத்தையும் குறைத்தபோது, இரண்டாவது குழியில் என் பந்து முந்தைய நாளைவிட நாற்பது யார்டு அதிகம் போயிருந்தது. அந்த நாற்பது யார்டும் பலத்தைக் குறைத்ததால் கிடைத்தவை என்பதை நினைக்க இன்றும் வியப்பாக இருக்கிறது.

பக்கக்காற்றில் நான் கடைப்பிடித்தது மிக எளிமையான வழி. காற்றுக்கு எதிராகப் பந்தை வளைத்து நேர்கோட்டில் நிறுத்தும் திறமை என்னிடம் இல்லை. காற்று வரும் பக்கமாகக் குறியை நகர்த்தி வைத்துவிட்டு நேராக அடித்தேன். கடலின் பக்கமிருந்து காற்று வந்தால், கடலின் மேலேயே குறிவைக்கும் துணிவு வேண்டும். அதுதான் கடினம்; அடி எளிது.

பந்தைப் பற்றி ஒரு செய்தி. இன்றைய விதிப்படி பந்தின் விட்டம் 1.68 அங்குலத்துக்குக் குறையக் கூடாது. பிரிட்டனில் நெடுங்காலம் 1.62 அங்குலப் பந்தும் புழக்கத்தில் இருந்தது; சிறிய பந்து காற்றை எளிதாகக் கிழித்துச் செல்லும் என்பதால் இந்தக் கரைகளில் அதற்குச் செல்வாக்கு அதிகம். 1974-இல் பிரிட்டனின் ஓபன் சாம்பியன்ஷிப் போட்டியில் பெரிய பந்து கட்டாயமானது. 1990-இல் சிறிய பந்து விதிகளிலிருந்தே நீங்கியது. என் கேடி இளமையில் சிறிய பந்தில் ஆடியவர். அதைப் பற்றிப் பேசும்போது இழந்த நண்பனைப் பற்றிப் பேசுவதுபோல் அவர் குரல் தணிந்தது.

பங்கர்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. லிங்க்ஸ் பங்கர் என்பது மணல் விரித்த ஆழமற்ற தட்டு அல்ல. புல்கட்டிகளைச் செங்கல்போல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டிய சுவருடைய குழி. மேலே பார்த்தால் சிறிதாக இருக்கும். ஆனால் சுற்றியுள்ள தரை அதை நோக்கியே சரிவதால், அருகே வரும் பந்தையெல்லாம் வாங்கிக்கொள்ளும். முதல் நாள் அப்படி ஒரு பங்கரில், சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் கிடந்த பந்தைக் கொடியை நோக்கியே நான்கு முறை அடித்தேன். நான்கு முறையும் அது சுவரில் பட்டு என் காலடிக்கே திரும்பி வந்தது. மறுநாள் வேறொரு பங்கரில் அதே நிலை வந்தபோது, கொடிக்கு முதுகைக் காட்டி நின்று, வந்த வழியிலேயே பந்தை வெளியே எடுத்தேன். ஓர் அடி வீணானதுபோல் தோன்றினாலும் அது மூன்று அடிகளை மிச்சப்படுத்தியது. அதற்கும் வழியில்லை என்றால் விதியே ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது: 2019 முதல், இரண்டு தண்டனை அடிகளை ஏற்றுக்கொண்டு, கொடியையும் பந்தையும் இணைக்கும் கோட்டில் பின்னால் போய்ப் பங்கருக்கு வெளியே பந்தை இட்டு ஆடலாம். அப்படிச் செய்வதை அவமானமாக நினைப்பவர்கள், நான் சுவரோடு போராடிய அந்த நான்கு அடிகளையும் எண்ணிப் பார்க்கட்டும்.

பதின்மூன்றாவது குழியின் பெயர் பிட். அங்கே கிரீனுக்கு முன்னால் இடுப்பளவுகூட இல்லாத கல்சுவர் குறுக்கே நிற்கிறது. சுவருக்கும் மணல்மேட்டுக்கும் நடுவே, தொட்டிலில் கிடப்பதுபோல் கிரீன் கிடக்கிறது. தரையில் உருட்டிச் செல்லும் என் புதிய நம்பிக்கைக்கு அந்த ஒரு குழியில் மட்டும் வேலை இல்லை; சுவரைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எல்லா இடத்துக்கும் ஒரே வைத்தியம் ஆகாது என்பதை மைதானமே சொல்லிக் காட்டிய இடம் அது. கோணத்தைச் சீராக்கிக்கொள்ள இரண்டாவது அடியைக் குறைவாக ஆடி, மூன்றாவதில் சுவரைத் தாண்டி, ஐந்தில் முடித்தேன். அதற்கடுத்த குழியில் இரண்டாவது அடி மேட்டுக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாத கிரீனை நோக்கியது. கேடி காட்டிய திசையை நம்பி அடிப்பதைத் தவிர அங்கே வேறு வழியில்லை.

பதினைந்தாவது குழிதான் ரெடான். கிரிமியப் போரில் செவாஸ்டபோலில் இருந்த கோட்டை அரணின் பெயர் இது. உலகெங்கும் மிக அதிகமாகப் பின்பற்றப்பட்ட பார் 3 குழி இதுவாகவே இருக்கக்கூடும். மைதான வடிவமைப்பாளர் சார்லஸ் பிளேர் மக்டொனால்டு அமெரிக்காவில் தாம் அமைத்த நேஷனல் கோல்ஃப் லிங்க்ஸின் நான்காவது குழியை இதன் சாயலில்தான் உருவாக்கினார். டீயிலிருந்து ஏறக்குறைய 190 யார்டு. நடுவே ஒரு மேடு மறைப்பதால் கிரீனின் பரப்பு கண்ணுக்குத் தெரியாது, கொடி மட்டும் தெரியும். கிரீன் நம்மை நோக்கிச் சாயாமல், முன்வலப் பக்கத்திலிருந்து பின்இடப் பக்கமாக நம்மைவிட்டு விலகிச் சரிகிறது. முன்இடப் பக்கத்தை ஆழமான பங்கர் காக்கிறது. நேராகக் கொடியை நோக்கி அடித்தால் பங்கர். அதைத் தாண்டி அடித்தால் பந்து நிற்காது. முதல் நாள் நான் தாண்டி அடித்து ஆறு எடுத்தேன்.

மறுநாள் கேடி என் தோளைத் தொட்டு, கொடிக்கு வலப்பக்கம் வெகுதூரம் தள்ளி, மேட்டின் தோள்போல் புடைத்திருந்த ஓர் இடத்தைக் காட்டினார். “கொடியை மறந்துவிடுங்கள். அந்தத் தோளில் பந்தை வையுங்கள், மீதியை நிலம் பார்த்துக்கொள்ளும்” என்றார். பின்காற்றைக் கணக்கிட்டு ஏழாம் அயர்ன் எடுத்தேன். உள்நாட்டில் எனக்கு அது 150 யார்டு மட்டை. பந்து தட்டையாகச் சென்று அந்தத் தோளுக்குச் சற்று முன்னாலேயே இறங்கி மறைந்தது. நாங்கள் காத்திருந்தோம். நான்கைந்து நொடிகள் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு கிரீனின் பின்பகுதி தெரிந்த சிறு இடைவெளியில், வலமிருந்து இடமாக, நடைவேகத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி உருண்டு வந்து கொடியைக் கடந்து கண்ணிலிருந்து மறைந்தது. போய்ப் பார்த்தபோது கொடிக்கு அப்பால் பதினைந்து அடி தூரத்தில் நின்றிருந்தது. இரண்டு புட்டில் முடித்தேன். நான் ஆடிய எத்தனையோ பார்களில் என்னால் மறக்க முடியாத பார் இது, ஏனென்றால் அந்த அடியின் பாதியை நான் அடிக்கவே இல்லை.

புட்டிங்கிலும் காற்று உண்டு. இறுகிய கிரீனில் மெதுவாக உருளும் பந்தைக் கடைசி மூன்று அடி தூரத்தில் காற்று தன் விருப்பப்படி திருப்பும். குறுகிய புட்டில் அதைவிடப் பெரிய சிக்கல், நம் உடம்பே ஆடுவது. கால்களை அகலமாக வைத்து, முழங்காலை மடக்கி, பிடியைக் கீழே இறக்கினால் நடுக்கம் பெரிதும் குறைகிறது. விதியிலும் ஒரு நுணுக்கத்தை அறிந்திருக்க வேண்டும். கிரீனில் நிற்கும் பந்தைக் காற்று நகர்த்தினால் புதிய இடத்திலிருந்தே ஆட வேண்டும். ஆனால் ஒருமுறை குறியிட்டு எடுத்து மீண்டும் வைத்த பந்தை நகர்த்தினால் பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். இரண்டிலும் தண்டனை இல்லை. ஆகவே பலத்த காற்றில் கிரீனை அடைந்ததும் முதல் வேலையாகப் பந்தைக் குறியிட்டு எடுத்து வைத்துவிடுவது நல்லது. 2015-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓபன் போட்டியில், சனிக்கிழமை காலை கிரீனில் பந்துகள் நிற்காமல் நகர்ந்ததால் ஆட்டம் பத்து மணி நேரத்துக்கும் மேல் நின்றுபோய், போட்டி திங்கட்கிழமைதான் முடிந்தது. உலகின் சிறந்த ஆட்டக்காரர்களுக்கே அந்த நிலை என்றால் நாம் எம்மாத்திரம்.

மதிப்பெண் கணக்கிலும் ஒரு மாற்றம் தேவை. எதிர்க்காற்றில் வரும் நீளமான பார் 4 குழிகளை நான் மனத்துக்குள் பார் 5 என்றே எழுதிக்கொண்டேன். இரண்டு அடிகளில் எட்ட முடியாத கிரீனை எட்ட முயல்வதால்தான் எட்டும் ஒன்பதும் கார்டில் ஏறுகின்றன. ஃபிராங்க் ஸ்டேபிள்ஃபோர்ட் என்ற மருத்துவர் உருவாக்கிய புள்ளிமுறை, லிவர்பூலுக்கு அருகே உள்ள வாலசி என்ற காற்று மிகுந்த லிங்க்ஸ் மைதானத்தில் 1932-இல் போட்டி வடிவம் பெற்றது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. பார் எடுத்தால் இரண்டு புள்ளி, ஓர் அடி கூடினால் ஒரு புள்ளி, அதற்கு மேல் எத்தனை கூடினாலும் சுழியம். அவரவர் ஹேண்டிகேப்பைக் கழித்த பிறகே இந்தக் கணக்கு. ஒரு குழியில் காற்று நம்மைக் கவிழ்த்தாலும் அடுத்த குழி புதிதாகத் தொடங்கும். முதன்முறை லிங்க்ஸ் ஆடுபவர்கள் இந்த முறையில் ஆடுமாறு மனமார வேண்டுகிறேன்.

உடை பற்றிச் சுருக்கமாக: குடையைப் பையிலிருந்து எடுக்க வேண்டாம், அது பாய்மரம் ஆகிவிடும். தோளை இறுக்காத மெல்லிய அடுக்குகளாக உடுத்த வேண்டும். காதுகளை மூடும் கம்பளித் தொப்பி கட்டாயம். மழைக்கான கையுறைகள் நனைந்த பிறகுதான் நன்றாகப் பிடிக்கின்றன. பந்தைத் தேட விதி தரும் நேரம் 2019 முதல் மூன்று நிமிடங்கள் மட்டுமே என்பதால், நீண்ட புல்லின் பக்கம் பந்து போனால் அது விழுந்த இடத்துக்குப் பின்னணியில் ஒரு புதரையோ வேலிக்கம்பையோ குறித்துக்கொண்டு நேராக நடக்க வேண்டும்.

இரண்டாம் நாள் பதினெட்டாவது குழிக்கு வந்தபோது வெயில் எட்டிப் பார்த்தது. காற்று மட்டும் அப்படியே இருந்தது. வலப்பக்கம் சாலையோரமாகக் கார்கள் வரிசையாக நிற்கும் குறுகிய பார் 4 அது. ட்ரைவரை விட்டுவிட்டு ஐந்தாம் அயர்னை எடுத்துப் பாதுகாப்பாக இடப்பக்கம் அடித்தேன். பின்காற்றும் தரையும் அதை நான் நினைத்ததைவிட முன்னால் கொண்டுபோய் வைத்தன. கிரீனுக்கு நாற்பத்தைந்து யார்டு மீதம். கேடி பையை நிமிர்த்தி நிறுத்தி என் முகத்தைப் பார்த்தார். எட்டாம் அயர்ன் ஏற்கனவே என் கையில் இருந்தது. முந்தைய மாலை அந்தப் பெண்மணி நின்ற இடத்துக்கு ஏறக்குறைய அருகிலேயே நான் நின்றிருந்தேன். பந்து முழங்கால் உயரத்தில் எழுந்து, தரையைத் தொட்டு, பள்ளத்தில் இறங்கி, ஏறும்போது சற்றே தயங்கி, கொடிக்கு ஆறடி முன்னால் நின்றது. அந்தப் புட் இடப்பக்கம் நழுவியது. நான்கு என்று எழுதிக்கொண்டு, தொப்பியைக் கழற்றிக் கேடியின் கையைக் குலுக்கினேன்.